பக்கத்துப் பள்ளி டீச்சர் வந்து உட்கார்ந்த வகுப்பு

உசிலம்பட்டிக்குத் தெற்கே, சேடப்பட்டி ஒன்றியத்து மானாவாரிக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு குறுவள மையத்தில், அதாவது அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் இடத்தில், நடந்ததை எழுதுகிறேன். அந்த வட்டாரத்தில் ஆசிரியர் பயிற்றுநராக வேலை பார்த்தபோது என் பொறுப்பில் இருந்த மையம் அது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன். அவர்கள் கேட்டுக்கொண்டது அப்படி. ஆசிரியர்களின் பணித்திறன் எப்படி வளர்கிறது, வளர்ந்ததை யார் மதிக்கிறார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் துறைக்குள் பயிற்சி நாட்களின் எண்ணிக்கையையும் செப்டம்பர் 5 விருதுப் பட்டியலையும் எடுத்து வைக்கிறோம். இந்த மையத்து ஆசிரியர்கள் இரண்டுக்கும் வெளியே, ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்து பார்த்துப் பேசும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். அது எப்படி முளைத்தது, எதனால் ஓடியது, எங்கே இடித்தது என்பது மதுரை மாவட்டத்தின் மற்ற வட்டாரங்களுக்கும் பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

களம்

மையத்துக்கு உட்பட்ட தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஈராசிரியர் பள்ளிகள். ஒரு தலைமையாசிரியர், ஓர் இடைநிலை ஆசிரியர், அவர்களுக்குள் ஐந்து வகுப்பு. நடுநிலைப் பள்ளி ஒன்று தலைமையிடம், சி.ஆர்.சி. என்று நாங்கள் சொல்லும் குறுவள மையக் கூட்டம் அங்கேதான் நடக்கும். கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் உண்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் மட்டும் இருக்கிற அந்தப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வராதவை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் நலத்துறையைச் சேர்ந்தவை. பயிற்சியில் எல்லா ஆசிரியர்களும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். மாறுதல் கலந்தாய்வு, பதவி உயர்வு எல்லாம் தனித்தனி.

ஊர்களில் சோளம், கடலை, பருத்தி. கிணற்றுத் தண்ணீர் இருக்கிற இடங்களில் மல்லிகை. பூ வரத்து இருக்கும் மாதங்களில் பிள்ளைகள் விடியலில் அம்மாவோடு பூ எடுத்துவிட்டு, பழைய சோற்றைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வருவார்கள். இப்போது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்ததில் அந்த ஓட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் பயிற்சிக்குப் போனால் என்ன ஆகும் என்பதை வெளியில் இருந்து பார்ப்பவர்கள் யோசிப்பதில்லை. அன்றைக்கு மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பார். சத்துணவு, எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு, யாராவது பெற்றோர் சான்றிதழ் கேட்டு வந்தால் அது, எல்லாம் அவர் தலையில். ஆகவே பயிற்சிக்கு வருகிற ஆசிரியர் உடம்பால் இங்கே இருந்தாலும் மனசு பள்ளியில் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் செல்பேசியை எடுத்து, "பிள்ளைகளை அனுப்பிட்டீங்களா சார்?" என்று கேட்காத ஈராசிரியர் பள்ளி ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

பயிற்சி வந்து சேரும் பாதை

இருபது ஆண்டுக்கு மேல் பணியில் இருக்கும் ஓர் இடைநிலை ஆசிரியர் எத்தனை முறை தன் வகுப்பறையைப் புரட்டிப் போட்டிருப்பார் என்று பாருங்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் மாநிலம் முழுக்க வந்தது. கற்றல் ஏணி, அட்டைகள், சுவரோரம் தாழ்வான கரும்பலகை என்று வகுப்பே வேறாகியது. 2018 முதல் புதிய பாடநூல்கள். 2019-இல் நிஷ்தா என்ற ஒன்றிய அரசின் ஆசிரியர் பயிற்சி. கொரோனாக் காலத்தில் அதே நிஷ்தா திக்‌ஷா இணையத் தளத்தில் காணொளிகளாகவும் வினாடி வினாக்களாகவும் செல்பேசிக்குள் வந்தது. 2021-இல் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித் தரும் இல்லம் தேடிக் கல்வி. 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு, அடிப்படை வாசிப்பும் கணக்கும் கைவர எண்ணும் எழுத்தும். அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும்.

இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவுப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது பெரிய உதவி. மூன்றாம் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு முதல் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கலாம் என்று அரசே எழுத்தில் சொன்னது, பல ஆசிரியர்களின் மனதிலிருந்த குற்ற உணர்ச்சியைப் போக்கியது. ஆசிரியர் கையேட்டில் உள்ள செயல்பாடுகள் பலவும் யோசித்துச் செய்யப்பட்டவை.

சிக்கல் வருவது வழியில். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் பாடம் எழுதியவர்கள் மாநிலக் கருத்தாளர்களிடம், அதாவது பயிற்சி நடத்துபவர்களிடம், சொல்கிறார்கள். அவர்கள் மாவட்டத்துக்கு வருகிறார்கள், மதுரைக்கு டி.கல்லுப்பட்டியில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். அங்கே கேட்டவர்கள் வட்டாரத்தில் சொல்கிறார்கள். கால்வாய்த் தலைப்பில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைந்துதான் வகுப்பறைக்கு வருகிறது. செயல்பாட்டின் பெயர் வந்துவிடும், பாட்டு வந்துவிடும், காகிதத்தில் வெட்ட வேண்டிய அளவு வந்துவிடும். அந்தச் செயல்பாட்டை ஏன் அந்த வரிசையில் செய்ய வேண்டும் என்ற காரணம் நடுவில் எங்கேயோ உறிஞ்சப்பட்டுவிடும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரம் தொடர் பணித்திறன் மேம்பாடு வேண்டும் என்கிறது. மணி நேரத்தைக் கூட்டுவதால் மேலே சொன்ன குறை தீராது. கருத்தாளருக்கு என் வகுப்புப் பிள்ளைகளைத் தெரியாது. என் பிள்ளைகளைத் தெரிந்த எனக்கு நான் பாடம் நடத்துவது கண்ணுக்குத் தெரியாது. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற இடத்தில்தான் இந்த மையத்துக் கதை தொடங்கியது.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு

ஒரு சனிக்கிழமைக் கூட்டம். தலைப்பு, இனமாற்றத்துடன் கழித்தல். நாமெல்லாம் கடன் வாங்கிக் கழித்தல் என்று படித்தது. கருத்தாளர் பத்துக் குச்சிக் கட்டுகளை மேசையில் வைத்து, கட்டை அவிழ்த்து, செய்து காட்டி முடித்தார். மூன்றாம் வகுப்பு எடுக்கும் இளம் ஆசிரியை ஒருவர் எழுந்தார்.

"எங்க பிள்ளைக அம்பத்திரண்டுல இருபத்தேழு போனா முப்பத்தஞ்சுன்னு போடுதுக சார்."

"குச்சி வச்சுச் சொல்லிக் குடுங்க டீச்சர்."

"குச்சி வச்சா சரியா வருது சார். நோட்டுல போட்டா முப்பத்தஞ்சுதான் வருது."

அறையில் பேச்சு நின்றது. அது எல்லாப் பள்ளியிலும் நடப்பது. ஒன்றாம் இடத்தில் இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து போட்டுவிடும்; பத்தாம் இடத்தில் ஐந்தில் இரண்டு போய் மூன்று. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று நாம் சொன்னதை அது அப்படியே கேட்டிருக்கிறது. கருத்தாளரின் கையேட்டில் இதற்கு அடுத்த பக்கம் இல்லை. அவரும் ஒரு வகுப்பாசிரியர்தான். அவர் வகுப்பிலும் அதே முப்பத்தைந்து இருந்திருக்கும்.

அப்போது பக்கத்து ஊர்ப் பள்ளியின் மூத்த ஆசிரியை சொன்னார்: "நான் ஒரு நா உங்க வகுப்புக்கு வந்து உக்காந்து பாக்கட்டுமா டீச்சர்? எனக்கும் இது பிடிபட மாட்டேங்குது."

அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் முக்கியம். சொல்லிக் கொடுக்க வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் அந்த இளம் ஆசிரியை நாசூக்காக மறுத்திருப்பார்.

ஆனால் எப்படிப் போவது? மூத்த ஆசிரியையும் ஈராசிரியர் பள்ளிக்காரர். அவர் கிளம்பினால் அங்கே ஐந்து வகுப்பும் தலைமையாசிரியர் தலையில். வட்டாரக் கல்வி அலுவலரிடம் பேசினோம். மூத்த ஆசிரியை பணி நாளாகவே அங்கே போய்வர அவர் அனுமதித்தார். ஆசிரியர் பயிற்றுநரான நான் எப்படியும் பள்ளிப் பார்வைக்குப் போக வேண்டியவன். அந்த நாளைய என் பார்வையை மூத்த ஆசிரியையின் பள்ளியில் வைத்துக்கொண்டு, அவருடைய வகுப்பை நான் எடுப்பது என்று ஏற்பாடு. இந்த முயற்சி நிலைத்ததற்கு எத்தனையோ காரணம் சொல்லலாம். முதல் காரணம் இதுதான். விட்டுவிட்டு வந்த வகுப்பை ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்தால்தான் ஓர் ஆசிரியரால் இன்னொரு வகுப்பை நிம்மதியாகப் பார்க்க முடிகிறது.

அவர் அன்றைக்குப் பார்த்தது இரண்டு.

பூக்கட்டும் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி, நோட்டில் முப்பத்தைந்து போட்டவள். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் கேட்டார்: "உங்கிட்ட அம்பத்திரண்டு ரூவா இருக்கு. இருபத்தேழு ரூவாய்க்குச் சாமான் வாங்குன. மிச்சம் எம்புட்டுத்தா?" பிள்ளை யோசிக்கக்கூட இல்லை. "இருபத்தஞ்சு." எப்படி என்றதற்கு, "இருபத்தேழுக்கு மேல மூணு போட்டா முப்பது டீச்சர். அங்கிட்டு இருவத்திரண்டு" என்றாள். மூன்றும் இருபத்திரண்டும் இருபத்தைந்து. கடைக்காரர் சில்லறை தருகிற கணக்கு அது. பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். நோட்டில் எழுதுகிற கழித்தலும் கையில் காசு வைத்துச் செய்கிற கழித்தலும் ஒன்றுதான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

இன்னொன்று, அந்த இளம் ஆசிரியையால் தானாகப் பார்த்திருக்கவே முடியாதது. குச்சிச் செயல்பாட்டில் ஒவ்வொரு முறையும் பத்துக் கட்டின் ரப்பர் பேண்டை அவிழ்த்தது டீச்சரின் கை. பிள்ளைகள் அவிழ்ந்து கிடந்த குச்சிகளை எண்ணினார்கள், எடுத்தார்கள், மிச்சத்தைச் சொன்னார்கள். சரியான விடை வந்தது. ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக மாறுகிற அந்த ஒரு நொடிதான் பாடமே. அதை டீச்சரே அன்பாகச் செய்து கொடுத்துவிட்டார். நேரம் மிச்சமாகட்டும் என்று. பயிற்சியில் கருத்தாளர் செய்து காட்டியபோதும் கட்டை அவிழ்த்தது அவர் கைதான்.

மதியம் இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். மறுநாளிலிருந்து கட்டை அவிழ்ப்பது பிள்ளை. அவிழ்த்த உடனே, எண்ணுவதற்கு முன், நோட்டில் ஐந்தை அடித்து நான்கு என்று எழுத வேண்டும். இரண்டுக்குப் பக்கத்தில் ஒன்று சேர்த்துப் பன்னிரண்டு ஆக்க வேண்டும். கையும் பென்சிலும் ஒன்றாகப் போக வேண்டும். காகிதப் பத்து ரூபாய்த் தாள்களும் ஒரு ரூபாய் வில்லைகளும் வைத்து வகுப்பில் கடை போட்டார்கள். இருபத்தேழு ரூபாய்ப் பொருளுக்கு சில்லறை போதாதபோது ஒரு தாளை மாற்றி வர ஒரு பிள்ளை 'பேங்க்' ஆனது. விடை வந்ததும் கூட்டிச் சரிபார்க்க வேண்டும்: முப்பத்தைந்தும் இருபத்தேழும் ஐம்பத்திரண்டு வருமா? இந்தக் கேள்வி ஒன்றே பல பிள்ளைகளைத் தாங்களாகவே அழித்து எழுத வைத்தது.

சில வாரத்தில் நோட்டுகளில் முப்பத்தைந்து அரிதானது. எல்லாருக்கும் அல்ல. இரண்டு பிள்ளைகளுக்குப் பத்து என்ற தொகுப்பே நிற்கவில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அவர்களை அரும்பு நிலைக்குக் கொண்டுபோய் முதலிலிருந்து தொடங்கினார். முன்பு இவர்களும் மற்றவர்களும் ஒரே தப்பை ஒரே மாதிரி செய்ததால் வித்தியாசம் தெரியாமல் இருந்தது. மூத்த ஆசிரியை தன் பள்ளிக்குத் திரும்பி அதையே செய்தார். அவரும் இத்தனை ஆண்டாக ரப்பர் பேண்டைத் தானே அவிழ்த்துக்கொண்டிருந்ததாக அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். அதைச் சொன்ன விதத்தில் வெட்கம் இல்லை, ஆர்வம் இருந்தது. மற்றவர்கள் தங்கள் வகுப்பைத் திறக்க முன்வந்தது அந்தப் பேச்சுக்குப் பிறகு.

வகுத்துக்கொண்ட வரம்புகள்

எங்கள் ஆசிரியர்களுக்கு 'வகுப்பைப் பார்க்க வருகிறார்கள்' என்றால் ஆண்டாய்வு நினைவுக்கு வரும். பாடக்குறிப்பு எங்கே, பதிவேடு எங்கே, கரும்பலகையில் தேதி எழுதியிருக்கிறதா. இப்போது செயலியில் கட்டம் கட்டமாக டிக் அடித்து, வகுப்பறை உற்றுநோக்கல் என்று பதிவேற்றுகிறோம். அதை நானும் செய்திருக்கிறேன், அதற்கென்று ஒரு தேவை இருக்கிறது. ஆனால் அந்தப் படிவம் கையில் இருக்கும்போது எதிரில் இருப்பவர் பாடத்தை நடத்தாமல் நடித்துக் காட்டுவார். அது இயல்பு.

அதனால் அவர்களே சில வரம்புகளை வைத்துக்கொண்டார்கள். படிவம் கிடையாது. புகைப்படம் எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. பேச்சு பிள்ளையைப் பற்றி இருக்க வேண்டும், டீச்சரைப் பற்றி அல்ல: 'நீங்க அவசரப்பட்டீங்க' என்று சொல்லாமல், 'அந்தப் பையன் கேள்வி முடியறதுக்குள்ள கையை இறக்கிட்டான்' என்று சொல்வது. வந்தவர் சில பிள்ளைகளின் நோட்டை உட்கார்ந்து படிக்க வேண்டும். அதிகாரிகள் யாரும் உடன் வரக் கூடாது, நானும் உட்பட. வகுப்பில் நடந்ததாக மேலே எழுதியது எல்லாம் அவர்கள் சொல்லிக் கேட்டதும், பிறகு நோட்டில் பார்த்ததும்தான்.

ஜப்பானில் இதுபோன்ற ஒரு மரபு நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பார்த்து, பிறகு அதைப் பற்றியே நீண்ட நேரம் பேசுவார்கள். நம் ஆசிரியர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கு அது தெரியாமலே இங்கே வந்து சேர்ந்தது எனக்கு மகிழ்ச்சி. தேவை ஒன்றாக இருந்தால் வழியும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் அமையும் போலும்.

இரண்டாம் வகுப்புத் தமிழ் வாசிப்பில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பள்ளியில் பிள்ளைகள் பாடத்தைக் கோரஸாக அழகாக வாசித்தார்கள். பார்க்க வந்தவர் பிள்ளைகளுக்கு எதிரே, முன்பக்கம் போய் உட்கார்ந்தார். பாதிப் பிள்ளைகளின் கண் புத்தகத்தில் இல்லை. டீச்சரின் வாயில் இருந்தது. வாய் அசைவைப் பார்த்து அரை நொடி பின்னால் வாசித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு அது தெரிய வழியே இல்லை, அவர் கண் புத்தகத்தில் இருந்தது. அன்றோடு கோரஸ் குறைந்து, இரண்டிரண்டு பேராக ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவது வந்தது.

எல்லாரும் சேர்ந்துவிடவில்லை. ஓய்வுக்கு அருகில் இருந்த ஒரு தலைமையாசிரியர் கடைசிவரை தன் வகுப்புக்கு யாரையும் விடவில்லை. "முப்பது வருசமா எவனெவனோ வந்து குறை எழுதிட்டுப் போயிருக்கான் சார். இனியும் ஒருத்தர் வேணாம்" என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவரை யாரும் வற்புறுத்தவும் இல்லை. ஆனால் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தார். வட்டார வழக்கில் விடுகதையும் கதையும் சொல்வதில் அவருக்கு ஈடு இல்லை. அவரிடமிருந்து கதைகளை எழுதி வாங்கிக்கொண்ட இளம் ஆசிரியர்கள் உண்டு.

விருதுக் காலம்

ஜூலை, ஆகஸ்டில் நல்லாசிரியர் விருது விண்ணப்பப் பேச்சு வரும். மாநில அரசின் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது: 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். ஆண்டுக்கு 380-க்கும் மேற்பட்டோர் பெறுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் இருக்கும் மாநிலம் இது. தேசிய விருது 2018-இல் மாற்றி அமைக்கப்பட்டது. ஆசிரியர் தாமே விண்ணப்பிக்கலாம், 50,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் உண்டு, நாடு முழுவதற்கும் பெறுபவர்கள் ஐம்பது பேர் அளவில்தான். மதுரைக்கு இதில் பெருமை உண்டு: 2023-இல் அலங்காநல்லூர் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரும், 2024-இல் நகரத்து டி.வி.எஸ். பள்ளியின் ஆசிரியர் ஒருவரும் தேசிய விருது பெற்றார்கள். கனவு ஆசிரியர் திட்டத்தில் போட்டித் தேர்வுகளில் முதலிடங்களில் வந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோரை 2024 அக்டோபரில் பிரான்சுக்கே அழைத்துச் சென்றது மாநில அரசு. அரசுப் பள்ளி ஆசிரியரைப் பாரிசுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று ஓர் அரசு நினைத்ததை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

மையத்து ஆசிரியர்கள் அந்த மூத்த ஆசிரியையை விண்ணப்பிக்கச் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் கோப்பில் வைக்க அவரிடம் என்ன இருந்தது? விருதுக்கு விண்ணப்பிப்பவர்கள் வழக்கமாகச் சேர்ப்பது புகைப்படங்கள், நாளிதழ் நறுக்குகள், நன்கொடையாளர்களிடம் வாங்கிய பொருள் விவரம், விழாச் சான்றிதழ்கள். அவர் செய்த வேலையின் சான்று பிள்ளைகளின் கணக்கு நோட்டு. "அதெல்லாம் ஆண்டு முடிஞ்சதும் பிள்ளைக வீட்டுக்குக் கொண்டு போயிருச்சுக சார்" என்றார். மேலும் அவர் செய்ததில் பெரும்பகுதி அடுத்த பள்ளியின் வகுப்பில் நடந்தது. அதன் பலன் அடுத்த பள்ளியின் பெயரில் சேரும். அவர் விண்ணப்பிக்கவில்லை.

பதிலாக ஒன்று கேட்டார். அந்த இளம் ஆசிரியையும் அவரும் சேர்ந்து உருவாக்கிய கழித்தல் பயிற்சித் தாளை வட்டார அளவிலான பயிற்சியில் பயன்படுத்த வேண்டும், அதை அவர்களே நடத்த வேண்டும், தாளின் அடியில் இருவர் பெயரும் பள்ளியும் இருக்க வேண்டும். வட்டார வள மையத்தில் ஒப்புக்கொண்டார்கள். அன்றைய பயிற்சியில் ரப்பர் பேண்டைக் கருத்தாளர் அவிழ்க்கவில்லை. கேட்க வந்த ஆசிரியர்களை அவிழ்க்க வைத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் உண்மையான நோட்டுப் பக்கங்களை நகல் எடுத்து வந்து மேசைக்கு மேசை கொடுத்து, 'இந்தப் பிள்ளை என்ன நினைச்சு இப்படிப் போட்டுச்சு?' என்று கேட்டார்கள். அந்த அறையில் செல்பேசியை எடுத்தவர்கள் குறைவு. வேறு ஒன்றியங்களுக்கு அந்தத் தாள் பெயரோடு போனது. முகம் தெரியாத ஆசிரியர்கள் இருவரையும் அழைத்துச் சந்தேகம் கேட்டார்கள். இளம் ஆசிரியை என்னிடம், "இதுவரைக்கும் எல்லாரும் எனக்குத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க சார், என்கிட்ட யாரும் கேட்டதில்ல" என்றார். அவர் குரலில் இருந்ததை எந்தப் பதக்கத்தோடும் ஒப்பிட எனக்கு விருப்பமில்லை, ஆனால் அது அங்கீகாரம் என்பதில் சந்தேகம் இல்லை.

இந்த இடத்தில் ஊதியத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் பணியில் இருந்துகொண்டே மேற்படிப்பு முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியில் படித்துப் பட்டம் மேல் பட்டம் வாங்கிய ஆசிரியர்கள் இந்தப் பக்கம் ஏராளம். வரலாற்றில் முதுகலை முடித்தது மூன்றாம் வகுப்புக் கழித்தலுக்கு நேரடியாக உதவாமல் இருக்கலாம். ஆனால் ஓர் ஆசிரியர் படிக்கிறார் என்பதை அரசு கவனித்தது. 2020 மார்ச்சில் அந்த ஊக்க ஊதிய உயர்வு ரத்தானது. இப்போது பத்தாண்டில் தேர்வு நிலை, இருபதாண்டில் சிறப்பு நிலை என்ற ஊதிய நிலைகள்தான். இரண்டும் பணிக்காலத்தைப் பார்ப்பவை. வகுப்பறையில் ஒருவர் எப்படி வளர்ந்தார் என்பதைப் பணிப்பதிவேட்டில் எழுதுவதற்கு ஒரு வரி கூட இல்லை.

2025 செப்டம்பருக்குப் பிறகு

2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சி இல்லாமல் பதவி உயர்வு இல்லை. தமிழ்நாட்டில் டெட் என்று சொல்லும் அந்தத் தகுதித் தேர்வே முதன்முதலாக 2012-இல்தான் நடந்தது.

மூத்த ஆசிரியை அதற்கு வெகு முன்பே, வேலைவாய்ப்பக மூப்பில் பணிக்கு வந்தவர். தன் வகுப்பையும் அடுத்தவர் வகுப்பையும் சேர்த்து வளர்த்தவர், இப்போது மாலையில் டெட் வழிகாட்டி நூலோடு உட்காருகிறார். தாள் ஒன்றில் 150 வினா. குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல், ஒவ்வொன்றிலும் 30. அவர் பயந்தது கணிதத்துக்கு அல்ல, ஆங்கிலத்துக்கு. "மூணாங் கிளாஸ் பிள்ளை என்ன நினைக்குதுன்னு எனக்குத் தெரியும் சார். கொள்கை சொன்னவர் பேரைத்தான் மறந்துபோறேன்" என்றார். தேர்வே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். புதிதாக வருபவருக்கு ஒரு நுழைவுத் தரம் வேண்டும். ஆனால் கால் நூற்றாண்டு வகுப்பறையை ஓ.எம்.ஆர். தாளில் மட்டுமே அளப்பது அநியாயம். சக ஆசிரியர்கள் நேரில் பார்த்து எழுதிய பதிவுகள் இத்தனை ஆண்டாகப் பணிப்பதிவேட்டில் சேர்ந்து வந்திருந்தால், இவர்களைப் பற்றி நீதிமன்றத்தில் சொல்ல அரசுக்கும் ஏதாவது கையில் இருந்திருக்கும்.

நேரடி விளைவு, வகுப்புப் பார்வைகள் குறைந்தன. படிப்பு, வகுப்பு, வீடு என்று மூன்றுக்கும் நடுவே ஆசிரியைகளால் ஓட முடியவில்லை. அதே சமயத்தில் பெரிய தொகை ஒன்றும் நின்றுபோயிருந்தது. 2024-25-க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியில் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை என்று மாநில அரசு வழக்குவரை போனது. ஒரு பேருந்துச் சீட்டுக்கு மேல் செலவில்லாத முயற்சி என்பதால் இந்த மையம் அந்த அடியிலிருந்து தப்பித்தது. டெட் அடியிலிருந்து தப்பிக்கவில்லை.

அவர்கள் கண்ட சமாளிப்பு இது: சி.ஆர்.சி. சனிக்கிழமைகளில் கூட்டம் முடிந்ததும் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து டெட் வினாத்தாளைச் சேர்ந்து போடுகிறார்கள். ஆங்கிலத்தை அண்மையில் தேர்ச்சி பெற்றுப் பணிக்கு வந்த இளையவர்கள் எடுக்கிறார்கள். குழந்தை மேம்பாட்டுப் பகுதியில் வரும் கோட்பாடுகளை, வகுப்பில் தாங்கள் பார்த்த பிள்ளைகளை வைத்தே மூத்தவர்கள் பேசுகிறார்கள். பொருளை வைத்துச் செய்வதிலிருந்து குறியீட்டுக்குப் பிள்ளை எப்படி நகர்கிறது என்ற கேள்வி வந்தபோது, ஐம்பத்திரண்டில் இருபத்தேழைத்தான் எடுத்தார்கள். வகுப்புப் பார்வையை மாதத்துக்கு ஒன்று என்ற அளவில் நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதிக் கொடுத்த கோரிக்கைகள்

மையத்து ஆசிரியர்கள் கையெழுத்திட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் மூன்று கோரிக்கை கொடுத்தார்கள். நானும் பரிந்துரைத்து எழுதினேன்.

வகுப்புப் பார்வைக்குப் போகிற நாளில் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆசிரியர் பயிற்றுநரால் எல்லா நாளும் முடியாது. டி.கல்லுப்பட்டி நிறுவனத்தில் தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்கும் மாணவ ஆசிரியர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்கு வரும் வாரங்களோடு இதை இணைக்கலாம். வருங்கால ஆசிரியருக்கும் அது நல்ல பாடம்; பார்த்து வந்த ஆசிரியர் திரும்பியதும் என்ன பார்த்தார் என்பதை அவரிடமே சொல்வார்.

மற்றொன்று, ஓர் ஆசிரியர் கருத்தாளராகப் பணியாற்றியதையும், சக ஆசிரியரின் வகுப்பில் உடன் இருந்து உதவியதையும் பணிப்பதிவேட்டில் பதிய வேண்டும். மதிப்பெண் வேண்டாம், தரவரிசை வேண்டாம். யார், எந்தப் பாடத்தில், யாருடன் என்று ஒரு வரி போதும். உதவி பெற்ற ஆசிரியரின் கையெழுத்து அதில் இருக்க வேண்டும். பல ஆண்டு கழித்து விருதுக்கோ பதவி உயர்வுக்கோ அதைப் பார்ப்பதா என்பதைத் துறை முடிவு செய்யட்டும்.

கடைசியாக, வட்டாரத்தில் ஆசிரியர்கள் உருவாக்கும் பயிற்சித் தாள்கள் எங்கே போனாலும் உருவாக்கியவரின் பெயரோடு போக வேண்டும். பெயர் எடுக்கப்பட்டு வெறும் பி.டி.எஃப். ஆகச் சுற்றுகிற தாள்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் எத்தனையோ.

முதல் கோரிக்கைக்கு வட்டார அளவில் வாய்மொழியாக ஒப்புதல் கிடைத்து, ஒரு பருவத்துக்குச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பணிப்பதிவேடு சார்ந்த கோரிக்கை விதித் திருத்தம் கேட்பது, மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. பெயர் போடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. மையத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தாளின் அடியிலும் இப்போது பெயரும் பள்ளியும் அச்சாகின்றன. அடுத்த பருவத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பது நான்காம் வகுப்புப் பின்னம்.